அக்கா மறுத்த மருந்து

எங்கள் அக்கா டத்தோ கிராமாட்டில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா மாக் மண்டின் தொழிற்சாலைக்குத் தினமும் ஃபெரியில் போய் வந்தவர். வீட்டில் மேசை கிடையாது. தையல் மெஷினின் பலகையை மூடி, அதன்மேல்தான் அக்கா எழுதிப் படித்தார். உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு சென்று, கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியபோது, "இவ்வளவு படிச்சு சோப்பு கம்பெனிக்கா போவப் போற?" என்று கேட்டவர்கள் உண்டு. அக்கா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

பாலிக் பூலாவ் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் ஜாதிக்காய் இலையிலிருந்து, அதுவரை யாரும் பிரித்தெடுக்காத ஒரு பொருளை அவர் பிரித்தெடுத்தார். அதன் அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன என்று கண்டறிந்தார். பிறகு இலையே இல்லாமல் அதே பொருளை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக உருவாக்கினார். அந்தப் படிகளில் ஒன்று இன்று அவர் பெயராலேயே பல நாட்டு மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அவருடைய புகழ் இதுதான்.

எங்களுக்குத்தான் அது போதவில்லை.

அந்தப் பொருளைக் கண்ணாடித் தட்டில் இருந்த புற்றுநோய்ச் செல்கள்மேல் விட்டுச் சோதித்தபோது சில செல்கள் இறந்தன. ஒரு பத்திரிகை, புற்றுநோய்க்கு மருந்து கண்ட தமிழ்ப் பெண் என்று போட்டது. அடுத்தடுத்த சோதனைகளில் அது மருந்தாக உதவவில்லை. அந்தச் செய்தியை யாரும் போடவில்லை. அம்மா முதல் செய்தியைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். கல்யாண வீடுகளில் நாங்கள் அக்காவை, "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சவங்க" என்றே அறிமுகப்படுத்தினோம். ஒவ்வொரு முறையும் அவர், "இல்லீங்க, அது மருந்து இல்ல" என்பார். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோய், "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். என் நாட்குறிப்பில் இரண்டு இடங்களில் அது இருக்கிறது.

சென்ற ஆண்டு பாயான் பாருவில் இருக்கும் எங்கள் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மருத்துவமனை அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தது. சின்னம்மா போகவில்லை. மூன்று வேளையும் ஜாதிக்காய் இலையைக் காய்ச்சிக் குடித்தார். அப்போது அக்காவே டயாலிசிஸில் இருந்தார். கேள்விப்பட்டதும் என்னைக் காரை எடுக்கச் சொன்னார்.

"சின்னம்மா, இது வேலை செய்யாது. கண்டுபிடிச்ச நானே சொல்றேன்."

"பேப்பர்லயே போட்டான் பாப்பா. உனக்குத்தான் உன்னப் பத்திப் பெருமையாப் பேசத் தெரியாது."

"தட்டுல இருக்கிற செல்லு சோப்புத் தண்ணி ஊத்தினாலும் செத்துடும் சின்னம்மா. அதுக்காக சோப்புத் தண்ணியக் குடிப்பீங்களா?"

"சரி சரி, கோவப்படாத லா. உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தட்டா? கிட்னிக்கும் நல்லதாம்."

திரும்பும்போது காரில் அக்கா, "தம்பி, முப்பது வருஷமா இல்ல இல்லன்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. ஒரு தடவ ஆமான்னு சொல்லியிருந்தா, திமிரு பிடிச்சவ, புளுகுறான்னு அன்னிக்கே சந்தேகப்பட்டிருப்பாங்க" என்றார். சிரித்தார். ஆனால் அன்று மாலை சாப்பிடவில்லை. அதன்பின் வாரம் ஒரு முறையாவது சின்னம்மாவுக்குப் போன் செய்தார். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், நினைவு திரும்பும்போதெல்லாம், "சின்னம்மா ஆபரேஷனுக்குப் போனாங்களா?" என்றே கேட்டார். போகவில்லை என்று நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகக் கண்மூடியிருப்பாரோ என்ற கேள்வி இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

"என் பதினாறாம் நாள் நினைவு மலர்ல நீதான் எழுதுவ" என்றார் ஒரு காலையில். "என்ன வேணும்னாலும் எழுது. அடக்கமானவள்னு மட்டும் எழுதிடாத."

சின்னம்மா தன் நோயை யாரிடமும் மறைத்ததில்லை. துக்க வீட்டுக்கு வந்தபோதே, அக்காவின் மருந்து என்று சொல்லி, மூன்று பேருக்கு இலைப் பொட்டலம் கொடுத்தார். அந்த மூவரும் பதினாறாம் நாள் கிரியைக்கு வருவார்கள். இந்த மலர் அவர்கள் கையில் இருக்கும். ஆகவே எங்கள் குடும்பத்தின் சார்பில் இங்கே அச்சில் சொல்கிறேன்: அந்த இலை புற்றுநோயைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் என்று பரப்பியது நாங்கள். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கூடத்தில் இருந்த சட்டத்தைக் கழற்றிவிட்டோம்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட டயாலிசிஸ் நிலையத் தாதியருக்கும், வெளியூர்களிலிருந்து வந்து தோள்கொடுத்த அவருடைய மாணவர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

சின்னம்மா, நீங்கள் எந்த மலரையும் அட்டை முதல் அட்டைவரை படிப்பவர். அதனால் இதை இங்கே எழுதுகிறேன். அக்கா உங்களிடம் சொன்னதில் அடக்கம் துளியும் இல்லை. தான் கண்டுபிடித்த பொருளைப் பற்றி, உலகத்தில் மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் பேசினார். மருத்துவமனையில் உங்களுக்கு மறுபடி நாள் வாங்கியிருக்கிறேன். கிரியை முடிந்து வரும் வியாழக்கிழமை காலை ஏழரைக்கு உங்கள் அடுக்குமாடியின் கீழே காருடன் நிற்பேன். நீங்கள் இறங்கி வரும்வரை நிற்பேன்.