ஏழு பத்து வண்டி

பெரிய பாப்பா, சின்ன பாப்பா, நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சின்னவள் வாயால் கேட்டாள். "ஏம்பா, ஊர் குரூப்ல இருந்து உன்ன தூக்கிட்டாங்களாமே, இன்னா பண்ண நீ?" பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கம்பெனி வேனுக்காக டிபன் பாக்ஸைப் பையில் வைக்கும்போது என்னை ஒரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது படித்தவன், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சோரியாங்குப்பத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற நம் ஊருக்குள் காலையில் வந்த பஸ் ஒன்றே ஒன்று. ஏழு பத்து வண்டி என்போம். நிறுத்தத்துக்கு முன்னால் திரும்பி, பாகூர் வழியாகப் புதுச்சேரி போகும். நிறுத்தத்துச் சுவரில் 'புதுச்சேரி, காலை 7.10' என்று நீல எனாமலில் எழுதியிருந்ததே, அது என் கை. யாரும் கேட்டு எழுதவில்லை. ஒரு வீட்டு ஜன்னலுக்கு அடித்துவிட்டு மீந்த பெயிண்ட். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரியாமல் நிற்கிறார்களே என்று எழுதினேன்.

பெரியவளே, அந்த வண்டியை நம்பித்தான் உன்னை டவுனில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தேன். நான் விடியும்போதே வில்லியனூர் பக்கம் வேலைக்குப் போகிறவன். உன்னைக் கொண்டுபோய் விட வீட்டில் வேறு ஆள் இல்லை. டிரைவருக்கு உன்னைத் தெரியும். நீ தெருமுனையில் ஓடி வருகிறாய் என்றால் ஒரு ஆரன் அடித்துவிட்டு நிற்பார்.

அந்த டிரைவர் அண்ணன்தான் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து வண்டி ஊருக்குள்ள வராது. மெயின் ரோட்டோட திருப்பிக்கச் சொல்றாங்க. கலெக்‌ஷன் இல்லியாம்."

"இன்னாண்ணா இப்டி சொல்றீங்க? எம்பொண்ணு இப்பதான் சேந்துருக்குது."

"அதான் உங்கிட்ட சொல்றேன். திங்கக்கெழம கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல கொற கேக்குறாங்க. பஸ் விசயமா பேசுற ஆபீசரும் வர்றாரு. ஜனம் வந்து கேட்டா உடனே நிறுத்த மாட்டாங்க. ஒரு வண்டி ஜனம் வந்து நின்னா போதும்பா."

ஒரு வண்டி ஜனம். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஊரில் ஓட்டுப் போட்டு மெம்பர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, நாமேதான் போய் நிற்க வேண்டும். போய் நிற்பதற்கு ஒரு நாளும் ஒரு மேசையும் ஒரு அதிகாரியும் கொடுத்திருக்கிறார்களே, அதுவே பெரிது என்று நினைத்தேன்.

ஊருக்குச் சேதி சொல்ல வாட்ஸப் குரூப் இருக்கிறது. பேனர் கடை வைத்திருக்கிற மாமாதான் அதைத் தொடங்கினார், அவர்தான் அட்மின். கரண்டு கட்டு, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன ஆடு, எல்லாம் அதில் வரும். ஆனால் அதிகம் வருவது சாவுச் சேதி. அதற்கு ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. முதலில் செத்தவர் படம் வரும். உடனே கும்பிடுகிற கை, பூ, 'ஆழ்ந்த இரங்கல்' என்று வரிசையாக வந்து விழும். பிறந்த நாள், காது குத்து என்றால் படம் பேனரில் ஏறி ரோட்டில் நிற்கும். குரூப்பில் ஒரு ஆளின் முகம் தனியாக வந்தால் அவர் போய்விட்டார் என்று அர்த்தம். பிந்திக் கும்பிடுகிறவனையும் கும்பிடாதவனையும் வீட்டுக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். "எங்கப்பாவுக்கு அவன் ஒரு பூ கூட போடல" என்று தெருவில் சண்டை நடந்திருக்கிறது.

இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு என் மனசில் சாவு இல்லை. பஸ்தான் இருந்தது. சனிக்கிழமை காலை வேலைக்குப் பிந்திக்கொண்டு, பஸ் பக்கத்தில் டிரைவர் அண்ணனைக் காக்கிச் சட்டையோடு நிறுத்திப் படம் எடுத்தேன்.

"எம்மூஞ்சியப் போட்டா வர்றவனும் வரமாட்டான்பா" என்று சிரித்தார்.

"உங்க மொகத்தப் பாத்தாதாண்ணா ஜனத்துக்கு ஒறைக்கும்."

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஊர்ப் பெரியவர்களுக்கு, தாய்மார்களுக்கு, இளைஞர்களுக்கு எல்லாம் வணக்கம் வைத்து, அப்புறம் பஸ் நிற்கப் போவதையும், திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் கொம்யூன் ஆபீசுக்கு வர வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதினேன். படத்தோடு சேர்த்து அனுப்பினேன். போனில் மேலே சில வரிதான் தெரியும், மிச்சத்தை அழுத்தித்தான் படிக்க வேண்டும். தெரிந்த வரிகள் முழுக்க வணக்கத்துக்கே போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேலை. வில்லியனூரில் கிரகப்பிரவேச வீடு. சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன், போன் கீழே பையில் கிடந்தது. சாப்பாட்டுக்கு இறங்கியபோது டிரைவர் அண்ணன் கூப்பிட்டார்.

"யப்பா, நான் எப்ப செத்தேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குரூப்பைத் திறந்தேன். கும்பிட்ட கைகள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. 'நல்ல மனிதர்.' 'ஆத்மா சாந்தியடையட்டும்.' 'நேத்து கூட என்னப் பாத்து ஆரன் அடிச்சாரே.' ஒருவர்கூடக் கீழே அழுத்திப் படித்திருக்கவில்லை. நம் ஊரிலிருந்து ஒரு டாடா ஏஸ் நிறைய ஆட்கள் மாலையோடு பண்டசோழநல்லூரில் அவர் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறார்கள்.

பெயிண்ட் கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே டிரைவர் அண்ணன் லுங்கியோடு வாசலில் நின்றிருந்தார். பக்கத்திலேயே, மாமா கடையில் அவசரமாக அடித்த பேனரில், காக்கிச் சட்டையோடு இன்னொரு டிரைவர் அண்ணன். மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

"போட்டோ நல்லாதான் வந்துருக்குது. மேல எழுதுனத வெட்டிட்டுக் குடுங்க, வூட்ல மாட்டிக்கிறேன்" என்றார் அவர்.

அவர் சம்சாரத்துக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. பேனரைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். "இத்தினி வருசமா உங்க ஊருக்கு வண்டி ஓட்டுனதுக்கு மால கொண்டாந்தீங்களா? நல்லா இருங்கய்யா, நல்லா இருங்க!" உள்ளே போய் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து புருஷன் தலையைச் சுற்றினார்.

மாமா என்னைப் பார்த்ததும் பாய்ந்தார். "ஏன்டா, உயிரோட இருக்கறவன் போட்டோவ எதுக்குடா போட்ட?"

"கீழ எல்லாத்தையும் எழுதியிருக்கேன் மாமா. பஸ் நிக்கப் போவுதுன்னு..."

"அத எவன்டா படிப்பான்? ஊர்ல போட்டோ வந்தா இன்னா அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா?"

நான் டிரைவர் அண்ணனிடமும் அவர் சம்சாரத்திடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியவன் நான் ஒருவன்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அப்புறம், வந்தவர்கள் வண்டியில் ஏறும்போது சொன்னேன். "வந்தது வந்துட்டீங்க. நாளைக்கு இதே ஜனம், இதே வண்டியில, கொம்யூன் ஆபீசுக்கு வந்துட்டா போதும். பஸ்ஸு நமக்கு இருக்கும்."

"நாளிக்கு கரும்பு வெட்டு கீது."

"எனக்கு மேஸ்திரி லீவு குடுக்க மாட்டான்."

"இன்னிக்கி மட்டும் லீவு குடுத்தாரா?" என்று கேட்டேன்.

கீழத்தெரு பெரியப்பா வண்டிக்குள்ளிருந்து பதில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சாவுக்கு நான் போவலன்னா நாளிக்கு என் வூட்டு சாவுக்கு எவன் வருவான்? பஸ்ஸுக்குப் போவலன்னா எவன்டா என்னக் கேக்கப் போறான்?"

நான் டாடா ஏஸின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிவிட்டேன், பாப்பா.

சாவு மாலையைத் திரும்ப ஊருக்குள் எடுத்துவரக் கூடாது. எங்கே போடுவது என்று வண்டியில் பேச்சு நடந்தது. "பஸ்ஸுக்கே போட்டுடலாமே, அதான் சாவப் போவுதாம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். வழியில் வாய்க்காலில் வீசிவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் மாமா என்னைக் குரூப்பிலிருந்து நீக்கினார். ஊருக்கு அபசகுனம் பண்ணிவிட்டேனாம்.

திங்கட்கிழமை கொம்யூன் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். பத்து மணி ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. ரோட்டில் டாடா ஏஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு டிவிஎஸ் வந்தது. நம் ஊர் மளிகைக்கடை பாய். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

"யாரும் வர்லியா?" என்றார்.

"நீங்க வந்துட்டீங்களே பாய்."

"எம்பேத்தியும் ரெண்டு வருசத்துல காலேஜ் போவணும்ல" என்று சொல்லி வியர்வையைத் துடைத்தார்.

அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். மனுவைப் படித்தார். "ஊர்ல இருந்து எத்தன பேர் வந்துருக்கீங்க?"

"ரெண்டு பேர் சார். ஆனா ஊரே கேக்குது சார்."

"ஊர் கேட்டா ஊர் வந்துருக்கும்ல? ரெண்டு பேருக்கு ஒரு பஸ்ஸா விட முடியும்?"

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. நான்தான் குரூப்பில் இல்லையே. அவர் தன் போனை எடுத்து அந்தச் சேதியைத் திறந்து நீட்டினார். "பாருங்க சார், எத்தன பேர் கும்பிட்டுருக்காங்கன்னு!"

அதிகாரி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கையையும் பூவையும் பார்த்தார். 'ஆழ்ந்த இரங்கல்' பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"டிரைவர் செத்துட்டாரா?"

"இல்ல சார், உயிரோடதான் இருக்காரு."

"அப்ப இதெல்லாம் இன்னா?"

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "மொதல்ல யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு ஊர்ல பேசி முடிவு பண்ணிக்கினு வாங்க" என்று சொல்லி மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

சொன்ன மாதிரியே அடுத்த மாதம் வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் வேலையைத் தள்ளி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பெரியவளை மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வருகிற பஸ் எல்லாம் படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கிக்கொண்டு நிற்காமல் போனது. ஒரு நாள் பிந்தினாள், மறுநாள் பிந்தினாள். வருகைப் பதிவு குறைந்துவிட்டது, பரீட்சை எழுத விட முடியாது என்று காலேஜில் சொன்னார்கள். "பரவால்லப்பா" என்று நீ சொன்னாய். அந்த ஒரு சொல்லை மட்டும் நீ சொல்லாமல் இருந்திருக்கலாம் பாப்பா.

இப்போது காலையில் கம்பெனி வேன் நம் வாசலுக்கே வருகிறது. ஏழு மணிக்கு முன்னாலேயே வருகிறது. மழையிலும் வருகிறது, ரோடு சரியில்லை என்று திரும்புவதில்லை. தெருவுக்கு மூன்று நான்கு பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேன் வேண்டும் என்று யாரும் எங்கேயும் போய் மனு கொடுக்கவில்லை.

குரூப் இன்னும் நடக்கிறதாம். பாய் சொன்னார். 'ஊருக்குள் பஸ் விடாத அதிகாரிகளைக் கண்டிக்கிறோம்' என்று யாரோ போட்டார்களாம். கட்டை விரல் நிறைய விழுந்ததாம். சின்னவளே, என்னை ஏன் தூக்கினார்கள் என்று கேட்டாய் அல்லவா? எல்லாரும் சேர்ந்து ஒரு தப்புச் செய்துவிட்டால், அதை நினைவுபடுத்துகிறவன் எதிரில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் நீ பெரியவளாகி, எங்காவது ஊர் விஷயத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், நான் பட்டதை நினைத்துப் போகாமல் இருந்துவிடாதே. பாய் மாதிரி பிந்தியாவது போ. இதை நம்பிக்கையோடு சொல்கிறேன் என்று நினைக்காதே. சொல்லாமல் விட்டால் நானும் அந்த டாடா ஏஸ் வண்டிக்குள் உட்கார்ந்து பேசியவனாகிவிடுவேன், அதற்காகச் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் வேலைக்குப் பிந்திக் கிளம்பும்போது நிறுத்தத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். வெளியூர் முகம். குழந்தைக்கு ஜுரம், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். "ஏழு பத்து வண்டி இன்னும் வர்லியே அண்ணா, லேட்டாவுமா?" என்று சுவரைக் காட்டிக் கேட்டாள். அவளை மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பட்டி பிளேடும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன். வெயிலுக்குத் தெருவில் ஆள் இல்லை. எழுத்தைச் சுரண்டினேன். எனாமல் நன்றாகப் பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. வந்த வரைக்கும் சுரண்டிவிட்டு மேலே வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் நீலம் உள்ளேயிருந்து தெரிந்தது, தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு. பிரஷ்ஷை முக்கி இன்னொரு கோட் அடித்தேன்.