சுடுதண்ணி காட்டாத ஓவர்கோட்

மெல்பேர்னின் மல்கிரேவில் வரதராஜாவைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஓவர்கோட் தெரியும். குளிர் தொடங்கும் மே மாதம் பிறந்தால் போதும், முழங்கால்வரை தொங்கும் அந்தப் பழுப்பு டுவீட் கம்பளிக் கோட் கடைத்தெருவுக்கும் வந்துவிடும், த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கும் வந்துவிடும். வேட்டிக்கு மேல் ஓவர்கோட்! மனைவி மிருணாளினிக்கு மானம் போகும்.

அவருக்கென்ன, தன் கைபட்ட துணியில் தைத்தது. இளமையில் ஒன்பது வருடம் ஸ்கொட்லாந்தில் ஒரு கம்பளி ஆலையில் வேலை. தறியிலிருந்து வரும் துணியைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் அடித்து, காற்றுப் புகாதபடி சுருங்கி இறுகச் செய்வார்கள். எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதுதான் வித்தை. கொஞ்சம் அசந்தால் துணி அட்டையாகிவிடும். மெல்பேர்னில் அந்த வித்தையை யார் கேட்டார்கள்? இருபத்தாறு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார்.

அதிகாரமெல்லாம் வீட்டில்தான். "இஞ்சேர், கோட்டுக்குச் சுடுதண்ணி காட்டிப்போடாதை. துலைஞ்சுது!" என்று நாற்பது வருடமாக ஒரே பாட்டு.

"உங்கட கோட்டை ஆர் தொட்டது?" என்று அவளும் விடமாட்டாள்.

கடைசி நாட்களில் எத்தனை போர்வை போட்டாலும் அவருக்குக் கால் குளிர்ந்தது. மிருணாளினி ஓவர்கோட்டைக் கொண்டுவந்து கால்மேல் போட்டாள். அது மேலே கிடக்கவே போய்ச் சேர்ந்தார். சிட்னியிலிருந்து வந்து கொள்ளிவைத்த மகன் பிரஷாந்தன், திரும்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பான்ர கோட் எனக்கு வேணும், அம்மா. முப்பத்தொண்டுக்கு வரேக்க எடுக்கிறன்."

முப்பத்தோராம் நாளுக்குள் செத்தவீட்டுத் துடக்குக் கழிக்க வேண்டும், வீட்டுத் துணியெல்லாம் தோய்த்தாக வேண்டும். அவர் படுத்த கட்டிலைப் பார்க்கவே மிருணாளினியால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதில் கிடந்ததையெல்லாம் ஒன்றாய்ச் சுருட்டி அள்ளி மெஷினில் திணித்தாள். நல்ல சூட்டில் ஓடவிட்டாள்.

திறந்தபோது போர்வைகளுக்கு நடுவே ஓவர்கோட், சின்னப்பிள்ளைச் சட்டை அளவில் விறைத்துக் கிடந்தது.

பிரஷாந்தன் வந்ததும் அதை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். ஒளிக்க மனம் வரவில்லை. அவன் கையை நுழைத்துப் பார்த்தான், பாதியிலேயே இறுகிவிட்டது. அவன் முகம் வாடியதை அவள் பார்த்தாள்.

"பரவாயில்லை அம்மா. இட்ஸ் ஓகே."

"ஓகே இல்லையடா. அப்பா இருந்திருந்தா வீடு அதிர ஏசியிருப்பார். நீ ஒருக்கா ஏசு. எனக்கு ஆரும் ஏசவேணும்."

அவனுக்கு ஏச வரவில்லை. தாயைக் கட்டிக்கொண்டான். நாற்பது வருடம் அலுத்துச் சலித்துக் கேட்ட குரல் இனி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவீட்டில் வராத அழுகை, அந்தச் சுருங்கிய கோட்டின் மேல் விழுந்து வந்தது.