மகாராஜபுரம் பஸ்ஸில் ஏறிப்போன என் துண்டு

போன செவ்வாய்க்கிழமை எனக்கு எழுபது வயது முடிந்தது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை. லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "எதுக்குவே?" என்றார். "பொறந்தநாள்" என்றேன். சிரித்து முடித்துவிட்டுக் கொடுத்தார்.

திட்டம் சின்னதுதான். நானும் என் வீட்டுக்காரி செல்லத்தாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சூடாகப் பால்கோவா தின்று, கோயில் மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவளுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து இருபது நாள். இன்னொரு கண்ணில் புகைமூட்டம். கூட்டத்தில் என்னைத் தவறவிடக் கூடாதென்று பிறந்தநாளுக்கு ஆரஞ்சுத் துண்டு வாங்கித் தோளில் போட்டுவிட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு.

காலை 9.10க்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். எனக்குப் பன்னிரண்டு ரூபாய், அவளுக்கு இலவசம். கால் கிலோ பால்கோவா நூறு ரூபாய், விரல் சுட்டது. பதினொன்றரை வரை மண்டபத்துக் காற்று. இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் அவள் பூ வாங்கப் போனாள். அவள் போனும் என் பையில்தான். பக்கத்தில் மகாராஜபுரத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் உயரம், என் நரை, என்னைப் போலவே வெள்ளைச் சட்டை. எனக்குக் கை அரித்தது.

"அண்ணாச்சி, செத்த நேரம் இந்தத் துண்டைப் போட்டுக்கிடுங்க. எம் பொண்டாட்டி நான்னு நெனச்சு உங்களை ஏசுவா. கேக்க நல்லா இருக்கும்."

"ஏச்சு வாங்குனா எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒரு வாய் பால்கோவா."

போட்டுக்கொண்டார். நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து மகாராஜபுரம் பஸ் வந்தது. வாய் நிறையப் பால்கோவாவோடு மனுஷன் துண்டை மறந்து பின்வாசலுக்கு ஓடினார். பூக்கடையிலிருந்து வந்த செல்லத்தாய் ஆரஞ்சைப் பார்த்துவிட்டு முன்வாசலில் ஏறினாள். நான் ஓடிப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். இறங்கும்வரை அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். இறங்கி, பக்கத்தில் நான் இல்லையென்றால்? கையில் போன் இல்லை. அந்தக் கண்ணோடு மெயின் ரோட்டைத் தாண்டினால்?

ஆட்டோவில் விழுந்து, அந்தப் பஸ்ஸை விரட்டச் சொன்னேன். 250 ரூபாய், பேரம் பேசவில்லை.

"பஸ்ஸுல யாரு தாத்தா?"

"எம் பொண்டாட்டி."

"சண்டையா?"

"இல்லப்பா, விளையாட்டு."

"இந்த வயசுலயா!"

முன்னால் ஒரு லாரி வழி விடாமல் ஊர்ந்தது. பத்து கிலோமீட்டரும் ரோட்டோரத்தில் நின்ற ஒவ்வொரு சேலையையும் உற்றுப் பார்த்தபடி போனேன்.

12.20க்கு, கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் பஸ் நின்றது. முன்வாசலில் ஏறினேன். ஜன்னலோரம், மடியில் பூவோடு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"என் தங்கச்சி வீட்டுக்குத்தான போறோம்? சொல்லாமலே கூட்டிட்டு வாரீங்களே!"

தங்கச்சி இருப்பது மகாராஜபுரத்தில். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பத்து தடவை கேட்டிருப்பாள். "அங்க என்ன இருக்கு? கொசுவும் உன் தங்கச்சி வாயுந்தான்" என்று பத்து தடவையும் கேலி செய்து தட்டிக் கழித்தவன் நான்.

"ஆமாட்டி" என்றேன்.

அப்போது பார்த்துப் பின்னாலிருந்து வந்தார் அந்த விவசாயி. "அண்ணாச்சி! உங்க துண்டு, மறந்தே போனேன்."

செல்லத்தாய் துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். துண்டை வாங்கி என் கழுத்தில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இன்னொரு தடவை கழட்டிப் பாருங்க. துண்டு போட்ட ஆளோடயே போயிருவேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் மகாராஜபுரத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பால்கோவாவை இறக்கின சூட்டிலேயே கேட்டு வாங்குங்கள், ஆறினால் ருசி பாதிதான். அவரவர் போன் அவரவர் கையில் இருக்கட்டும். மகாராஜபுரத்தில் கொழுந்தியாள் இருந்தால், கேட்ட முதல் தடவையே கூட்டிப் போங்கள், ஆட்டோக் காசு மிச்சம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அவள் முடிச்சை அவிழ்த்தாள். அதுவரை நான் அதைத் தொடவில்லை.