காபியில் வரைந்த சர்வர்கள்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவது என் நெடுநாள் வழக்கம். அத்தை பிள்ளையின் பித்தப்பைக் கல்லுக்காக அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தபோது, அந்த வழக்கம் என்னைக் கம்ப்யூட்டர் நிபுணனாக்கிவிட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் பெருங்குடி ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சவரம் காணாத தாடி. உள்ளே அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன். அதை ஒரே வரியில் சொன்னவர், மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை. காபி சிந்திய மேஜையில் விரலால் கட்டம் கட்டமாக வரைந்தபடி கம்ப்யூட்டர் சர்வர்களைப் பற்றியே பேசினார்.

"மளிகைக் கடை ஆப்பைக்கூட இருபது துண்டா உடைக்கிறாங்க சார். எல்லாம் ஃபேஷன். ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ் போதும். ஆனா அது படுத்துட்டா, பக்கத்துலயே இன்னொண்ணு ரெடியா நிக்கணும்."

தலையாட்டினேன். பக்கத்தில் இன்னொரு கட்டம் வரையப் போனவர் விரலை எடுத்துவிட்டார்.

"ஆண்டவன் கிட்னி ரெண்டு வெச்சிருக்கான். இதயம் மட்டும் ஒண்ணு. இப்படி ஒரு டிசைனை நான் கொண்டுபோனா மேனேஜர் மூஞ்சியிலேயே விட்டெறிவார். இல்லையா சார்?"

அதற்கும் தலையாட்டினேன். நர்ஸ் கதவைத் திறந்து, டாக்டர் கூப்பிடுவதாக அவரிடம் சொன்னாள். கைக்குட்டையால் மேஜையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு உள்ளே போனார். நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

மயிலாப்பூர் வந்ததும் அந்த மனிதரின் கதையைச் சொல்லி, டேட்டாபேஸ் பற்றிக் கற்றதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் அவள் கேட்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு பிழைச்சாளான்னு யாரையாவது கேட்டேளா, இல்ல தலையாட்டிண்டே ஆத்துக்கு வந்துட்டேளா?"