குத்தூஸ் பாய் சொன்ன வழி

அப்துல் குத்தூஸ் பாயைப் போலப் பயப்படுகிற மனிதரைப் போர்ட் பிளேரில் நான் பார்த்ததில்லை. அபர்தீன் பஜாரில் துணிக்கடை, ஷாதிபூரில் வீடு. மழை ஓய்ந்ததும் எங்களையெல்லாம் திரட்டி மவுண்ட் ஹாரியட் மலைக்கு நடத்திப் போவதும் அவர்தான். போகிறவர் நிம்மதியாகப் போவாரா? அட்டைக்கு உப்பு, பாம்புக்குத் தடி, தலைவலிக்குத் தைலம் என்று மூட்டை கட்டிவிடுவார். படகை விட்டு இறங்கியதும் எங்களுக்குப் பாடம் வேறு.

"வழி தப்பினா பதறாதீக. கடல் தெரியிற பக்கம் எறங்குங்க, ஊரு வந்துரும். சரிதானே, டீக் ஹை?"

ஷாதிபூரில் அது சரிதான். எந்தச் சரிவில் இறங்கினாலும் கடலும் சாலையும் வந்துவிடும். நாங்களும் தலையாட்டினோம்.

அறுபத்தாறாம் வருஷம் முதல்முறையாக மனைவி மஸூதாவையும் அழைத்து வந்தார். உச்சியில் சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினோம். திடீரென்று மேகம் வந்து காட்டை மூடியது. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. மேகம் கொஞ்சம் விலகியபோது மஸூதாவைக் காணோம்.

"காலில அட்டை ஏறிடுச்சு, பிடுங்கிட்டு வரேன், நீங்க போங்கன்னு சொன்னாங்க" என்றாள் என் மனைவி சுசீலா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு பாயும் நானும் திரும்பி ஏறினோம். யானைகள் மரம் இழுத்த பழைய தடம் ஒன்று பாதையிலிருந்து பிரிந்தது. அதன் சேற்றில் செருப்புத் தடம். அதன் வழியே போனால் மலை முதுகு. அங்கே மரங்களை வெட்டி வெட்டவெளியாகக் கிடந்தது. இடப்பக்கம் பார்த்தால் கடல். வலப்பக்கம் பார்த்தாலும் கடல். ஒன்று எங்கள் படகுத்துறைக் கடல். மற்றது ஆளே இல்லாத கிழக்குக் கடல். அந்தப் பக்கம் பாதை கிடையாது, வெறும் காடும் செங்குத்துப் பாறையும்தான்.

பாய் அப்படியே நின்றுவிட்டார்.

"நாந்தானே சொன்னேன், கடல் தெரியிற பக்கம் எறங்குன்னு" என்றார். "அவ எம் பேச்சைத் தட்டினதே இல்லைங்க."

அந்தக் கீழ்ப்படிதலை வைத்து நாங்கள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். இப்போது அதுவே அவளைத் தப்பான பக்கம் இறக்கியிருக்கும் என்று பட்டது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் தடியை எறிந்துவிட்டுக் கிழக்குச் சரிவில் இறங்கத் தொடங்கினார். வழுக்கினார், வேரைப் பிடித்தார், "மஸூதா, மஸூதா" என்று கத்தினார். கீழே அலைச் சத்தம் மட்டும் கேட்டது. இவரும் விழுந்துவிடப் போகிறாரே என்று நானும் பின்னால் இறங்கினேன்.

"அங்கிட்டு எங்க போறீக?"

குரல் மேலிருந்து வந்தது. தடத்தின் வளைவுக்கு அப்பால், வெட்டிப் போட்ட மரத்தில் உட்கார்ந்திருந்த மஸூதா எழுந்து நின்றாள்.

"நீ எறங்கலையா?" பாய் வேரைப் பிடித்தபடியே அண்ணாந்து கேட்டார்.

"ரெண்டு பக்கமும் கடலு தெரிஞ்சுச்சு. எது நம்ம கடலுன்னு வெளங்கல. நீங்க சொன்னபடி எறங்கத்தான் நெனச்சேன், மனசு ஒப்பல. இங்கனயே ஒக்காந்துட்டேன்" என்றாள். அவர் ஏறி வருவதைப் பார்த்து, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "கோவிச்சுக்கிடாதீக."

பாய் தவழ்ந்து ஏறி வந்து அவள் காலடியிலேயே உட்கார்ந்தார். நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் தேம்பி அழுதார்.

"அல்ஹம்துலில்லாஹ். எம் பேச்சைக் கேக்காமப் போனியே, மஸூதா. எம் பேச்சைக் கேக்காமப் போனியே."