வெள்ளையாகத் தெரிந்த சட்டை

கடைகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் எங்கள் தெருக் கேமராக்காரருக்கு அவர் மனைவி வைத்த பெயர் சந்தேகம். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். காய்ச்சிய பாலையும் மோந்து பார்த்துத்தான் குடிப்பார். "என்னையும் மோந்து பாத்துட்டுத்தான் கட்டியிருப்பாரு" என்பாள் அவள்.

அன்று காலை துணிக் கிடங்கு முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். இரவில் நான்கு கட்டுத் துணி காணாமல் போயிருந்தது. கேமராப் பதிவில் முகம் விழவில்லை. வெள்ளை உடுப்பில் ஒரு முதுகு மட்டும். கிடங்கில் வெள்ளைச் சட்டை போடுகிறவர் டிரைவர் ஒருவர்தான். அவர் சுவரோரம் நின்றார்.

"இருபது வருஷமா இங்கதான் கிடக்கேன் முதலாளி. என்னைப் போயி..."

"கேமரா பொய் சொல்லுமாய்யா? கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

"எனக்கு அப்பவே இவன்மேல ஒரு கண்ணுதான்" என்றான் காவலாளி. அவன் கேமராக்காரரின் மச்சினன். அவர் சொல்லித்தான் அந்த வேலையே கிடைத்தது.

கேமராக்காரர் பதிவை மூன்று முறை ஓட்டினார். சட்டை மட்டுமல்ல, கால்சட்டையும் வெள்ளை.

"முதலாளி, இருட்டுல இது வேற ஒளியில பாக்குது. லென்ஸைச் சுத்தி இருக்கிற குட்டி விளக்குங்க விடற ஒளி நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதைத் திருப்பி அடிக்கிற துணியெல்லாம் வெள்ளையாத்தான் விழும். சில கறுப்புத் துணிகூட..."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் நிறுத்திவிட்டார். மச்சினனின் சீருடை மேலும் கீழும் கறுப்பு.

"கறுப்புத் துணிகூட? சொல்லுய்யா."

"மாமா, வந்த வேலையப் பாத்துட்டுக் கிளம்புங்க. அக்கா காத்துக்கிட்டிருக்கும்" என்றான் மச்சினன்.

டிரைவர் வண்டிச் சாவியை முதலாளியின் மேசையில் வைப்பதைக் கேமராக்காரர் பார்த்தார். "ஷட்டரை இறக்குங்க. ரெண்டு பேரும் கேமரா முன்னாடி நில்லுங்க."

"எனக்கு வயிறு சரியில்ல மாமா."

"நிக்கிறதுக்கு வயிறு எதுக்குடா?"

கிடங்கு இருண்டது. திரையில் டிரைவரின் சட்டை வெள்ளை. அவர் தினமும் போடும் பழைய கறுப்புக் கால்சட்டை கறுப்பாகவே இருந்தது. பக்கத்தில் மச்சினன், கழுத்திலிருந்து கால்வரை சுண்ணாம்படித்த சுவர்போல் நின்றான். முதலாளி பதிவை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார். டிரைவரிடம் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

கேமராக்காரர் வீடு திரும்புவதற்குள் செய்தி வந்திருந்தது. மனைவி பால் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"மோந்து பாருங்க. இந்த வீட்ல யாரை நம்ப முடியும்?"

அன்றுதான் அவர் மோந்து பார்க்காமல் குடித்தார். அவள் சர்க்கரை போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை.