தாய்மாமன் மடி

கே.ஜி.கண்டிகையில் ஆதிகேசவனைவிடச் சுத்தமான ஆள் கிடையாது. நானும் அவனும் ஒரே வகுப்பு. எனக்கு ஷேர் ஆட்டோ, அவனுக்கு வேர்க்கடலைக் கொல்லை. பம்புசெட்டில் சோப்பு கரையக் கரையக் குளிப்பான். ஆனாலும் தன் உடம்பு நாறுகிறது, ஊரே மூக்கைப் பொத்துகிறது என்று அவன் மனசுக்குள் ஒரு முடிவு. பஸ்ஸில் ஒருத்தி முந்தானையால் முகம் துடைத்தால் போதும், பாதி வழியில் இறங்கிவிடுவான். பெண் பார்க்கப் போன இடத்திலும் வாசலோடு திரும்பினான். "ஒண்ணுமே நாறலடா, உன் தலையெழுத்து!" என்று நான் கத்தாத நாளில்லை. சிரித்துக்கொண்டே இரண்டடி தள்ளி நிற்பான்.

அவன் தங்கச்சி கவிதாவுக்குப் பெண் பிறந்தது. அபி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத் திருத்தணி மலையில் மொட்டை போட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அவன் ஏங்கிக் கிடந்தான். குழந்தையைத் தூரத்திலிருந்தே பார்த்து, வெறும் மடியைத் தடவிக்கொள்வான். பார்க்க மனசு கேட்காது.

வீட்டில் செய்தார்கள் பாருங்கள் ஒரு வேலை! கூட்டத்தில் தவித்துப்போவானே என்று, பெரியப்பா மகன் ராஜேஷை மடி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நல்லதாகத்தான் நினைத்தார்கள். அவனுக்கோ, வீட்டாருக்கும் நாற்றம் தெரிந்துவிட்டது என்று ஊர்ஜிதமாகிவிட்டது.

அப்புறம் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் மோட்டார் கொட்டகைச் சாவியை என் கையில் திணித்தான். "இனிமே நீயே தண்ணி உட்டுக்க, மோகனு."

"செத்துப்போலாம்னு நெனைக்கிறியா கேசவா?" நேராகவே கேட்டேன்.

"ஆங்," என்றான். "எல்லாரும் நல்லா மூச்சு உடுவீங்க."

அடப்பாவி! அவனை விட்டு நான் நகரவில்லை. கவிதாவை வரவழைத்து, என் ஆட்டோவிலேயே பெரியாஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். "நாத்தம் இருக்கா இல்லையான்னு வாதாடாதீங்க. அவர் துக்கம் நிஜம். தனியா விடாதீங்க," என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

கவிதா மொட்டையைத் தள்ளிப்போட்டாள். மாமியார் முணுமுணுத்தாள். "எங்கண்ணன் மடி இல்லாம எம்பொண்ணுக்கு மொட்ட கெடையாது. ஜட பின்னிகினு கெடக்கட்டும்!" என்றாள் இவள். அபிக்கு முடி தோளைத் தொட்டது. அவனும் மெல்லச் சாப்பிட்டான், கொல்லைக்குப் போனான். சில வாரம் மறுபடி சுருண்டு படுத்தான். சாவியை நான் வைத்துக்கொண்டேன். காலையில் அவன் வந்து வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரவில்லையென்றால் ஆட்டோ அவன் வாசலில் நிற்கும்.

இந்தத் தை மாதம் அவனே கேட்டான்: "மலைக்குப் போலாமாடா?"

கத்தி பட்டதும் அபி வீறிட்டாள். மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவன் நெஞ்சில் புதைத்தாள். தலையில் சந்தனம் பூசிய பிறகும் இறங்கவில்லை.

"வாட இன்னும் வருதுடா," என்றான் என்னிடம், கண்ணைக்கூடத் துடைக்காமல். "ஆனா கொயந்த மூஞ்சிய எடுக்கவேயில்ல."